கலந்தர் நானாவின் வெடிக்கிற பிக்கப்

லெஸ்லியைக் கள்ளன் என்று கலந்தர் முதலாளி சொன்னது ஹஸீபின் தேத்தண்ணிக் கடையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கல்லிலிருந்து ரொட்டி சூடாக இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில். கடை நிறைய ஆள். மழைக்கு ஒதுங்கியவர்கள் வேறு. ஒருவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிற பழக்கம் அந்த மனிதருக்கு எப்போதும் இருந்ததில்லை. மிளகு விலை பேசுகிற அதே குரலில், உக்குவளைச் சந்திக்கே கேட்கும்படி சொன்னார்.

"என்ட பிக்கப்புல இருந்த அசல் ஜப்பான் காபரேட்டர இவன் கழட்டி வித்துட்டான். வித்துட்டு எந்தக் குப்பையில கெடந்ததையோ பூட்டி வெச்சிருக்கான். இல்லாட்டி இத்தன வருஷமா வெடிக்காத வாகனம் இப்ப எதுக்கு வெடிக்குது? எதுக்கு ஏத்தத்துல எஞ்சின் நூந்து நின்டு போகுது?"

"நானா, யோசிச்சுப் பேசுங்க" என்றான் லெஸ்லி.

"என்னத்த யோசிக்கிற? ஒன்ட கையில குடுத்ததுக்குப் பொறகுதானே இவ்வளவும்?"

லெஸ்லிக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருஷமாக அதே ஊரில் கராஜ் வைத்திருக்கிறவன். ஒரு நட்டைக் கழற்றினால்கூடப் பழைய நட்டைக் கடதாசியில் சுற்றி வாகனக்காரன் கையில் கொடுத்து அனுப்புகிறவன். அவன் சுற்றிப் பார்த்தான். இருபது பேராவது இருந்திருப்பார்கள். பாதிப் பேரின் வாகனத்துக்கு உயிர் கொடுத்தது அவன் கை. ஒருவராவது "என்ன கதை இது, முதலாளி" என்று கேட்டிருக்கலாம். எல்லோரும் அவரவர் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். லெஸ்லி மழையில் இறங்கி வீட்டுக்கு நடந்தான்.

இத்தனைக்கும் அந்த பிக்கப்பின் மேல் அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அது லெஸ்லியின் கல்யாணத்துக்கு முந்திய வாகனம். பல்லேபொலப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களிலும் மலைக்கு அந்தப் பக்கம் பல்லேகமையிலும் மிளகும் கராம்பும் வாங்கி மாத்தளைக்கு ஏற்றுகிற கலந்தருக்குக் கையும் காலும் அதுதான். ஐப்பசியில் வியாதி தொடங்கியது. நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று எஞ்சின் நின்றுவிடும். நின்ற மூச்சிலேயே சைலன்சரில் டமார் என்று ஒரு வெடி. பாதையோரத்து நாய்கள் ஊரைக் கூட்டும்.

லெஸ்லி காபரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டினான். தீப்பொறிக்கான பொயின்டைத் தீட்டி இடைவெளி பார்த்தான். கண்டென்சர் மாற்றினான், கொயில் மாற்றினான், பிளக் நாலையும் மாற்றினான். டாங்கியில் தண்ணீர் இருக்குமோ என்று முழு பெற்றோலையும் வடித்துப் பார்த்தான். பார்த்துவிட்டு மாத்தளை வரைக்கும் மூன்று தடவை ஓட்டினான். கொட்டாவிகூட விடாமல் ஓடியது. கலந்தர் வந்து எடுத்துப் போவார். முதல் ஏற்றத்திலேயே டமார். திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவார், சட்டைப் பையிலிருந்து உபரிச் சாவியை எடுத்து மேசையில் எறிவார், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். மிளகுக் கிடங்குச் சாவிகள் எல்லாம் கோத்த பெரிய கொத்தோடுதான் பிக்கப்பின் முதல் சாவி இருந்தது. அந்தக் கொத்தை இடுப்பு வாரிலிருந்து அவர் எவனுக்கும் கழற்றிக் கொடுக்கமாட்டார். மிளகுப் பருவத்தில் எந்த முதலாளியும் கொடுக்கமாட்டான். மச்சான் கேட்டாலும் கொடுக்கமாட்டான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை போய் மூன்று வாரம் ஆயிற்று. கராஜுக்கு ஒரு சைக்கிளாவது வரவேண்டுமே! கிடையாது. ரயில் கேட்டைத் தாண்டி இன்னொரு கராஜ் இருக்கிறது. நேற்றுவரை அந்த ஆளின் வேலையைப் பழித்த த்ரீவீல்காரர்கள் எல்லாம் இப்போது அங்கே வரிசையில் நின்றார்கள். வினோஜன் என்று ஒருவன். த்ரீவீல் வாங்கிய அன்றைக்கே அதை லெஸ்லியிடம் காட்டி, "அண்ணே, இனி இதுக்கு நீங்கதான் டொக்டர்" என்று சொன்னவன். அவன் கராஜைக் கடக்கும்போது தலையைத் திருப்பிக்கொண்டு ஹோர்ன் அடித்துப் போனான். லெஸ்லிக்கு அந்த ஹோர்ன் சத்தம்தான் பொறுக்கவில்லை. சும்மா போயிருந்தாலாவது பரவாயில்லை.

மனைவி லூசியாவின் கோபம் இன்னொரு வகை. அவள் கத்தினாள். சட்டி, முட்டி எல்லாம் அவள் கையில் பேசின.

"நத்தார் வருது. கோயில்ல யேசு பாலனுக்குக் குடில் கட்ட எல்லா வருஷமும் கம்பி, வயர் எல்லாம் ஒங்ககிட்டதானே கேப்பாங்க? இந்த வருஷம் ஒருத்தரும் கேக்கல. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன்."

"பூசை முடிஞ்சு வெளியில வாறேன், மூணு பொம்பளைங்க பேசிட்டு நின்னவங்க என்னயக் கண்டதும் மழையப் பத்திப் பேசுறாங்க. எனக்குத் தெரியாதா என்ன பேசினாங்கன்னு? நீங்க என்னடான்னா கல்லு மாதிரி குந்திட்டு இருக்கீங்க. போய் அந்தாளு சட்டையப் புடிங்க!"

"புடிச்சா? கள்ளன் சண்டைக்கும் வாறான்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும்! இப்ப மட்டும் என்ன பாட்டா பாடுறாங்க?"

அவித்த மரவள்ளிக் கிழங்கும் கட்டச்சம்பலும் பீங்கானில் ஆறிக் கிடந்தன. லெஸ்லி அதில் கை வைக்கவில்லை. அவனுக்குப் பசி இல்லாமல் இல்லை. மெல்லத் தொடங்கினால் பல்லை உடைத்துவிடுவோம் போல இருந்தது.

அன்றைக்குப் பகல் குடையோடு ஒருத்தி படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கலந்தரின் மனைவி ஆஸியா. முக்காடு நனைந்திருந்தது. இருக்கச் சொல்லியும் உட்காரவில்லை.

"லெஸ்லி தம்பி, நேத்து ரத்தோட்டைக்கு மேல, வளைவுல, அந்தச் சனியன் நூந்து போச்சு. நானும் உள்ளுக்கு ஈக்கிறேன். பின்னுக்கு உருளத் தொடங்கிட்டு. பிரேக் கல்லு மாதிரியாம், அவர் ரெண்டு காலாலயும் மிதிக்கிறார். பாதையோரத்துக் கல்லுல டயர் முட்டினதால நின்டிச்சு. அந்தக் கல்லு மட்டும் இல்லாட்டி நாங்க ரெண்டு பேரும் மௌத்து. கீழே பள்ளம், அடியே தெரியா."

"டவுன்ல பெரிய கராஜுங்க இருக்கே, ராத்தா. அங்க காட்டல்லியா?"

"ரெண்டு எடத்துல காட்டியாச்சு. இவர் சாவியக் குடுப்பார், அவனுகள் ஓட்டிப் பாப்பானுகள், நல்லா ஈக்கின்னு திருப்பிக் குடுப்பானுகள். இவர் எடுத்த ஒடனே வெடிக்கும். நீங்க களவெடுக்கல்லன்னு எனக்குத் தெரியும் தம்பி. வந்து ஒருக்காப் பாருங்களே."

"ஒங்களுக்குத் தெரிஞ்சு என்னா ஆகப்போகுது ராத்தா? அத அங்க வந்து சொன்னீங்களா?"

"பொம்பள நான் எப்படித் தேத்தண்ணிக் கடைக்கு வந்து..."

லூசியா அடுப்பை விட்டுக் குசினிக் கதவுக்கு வந்துவிட்டாள். "நானும் பொம்பளதான். கோயில் வாசல்ல மூணு கிழமையாத் தலையக் குனிஞ்சிட்டு நிக்கிறேன்."

ஆஸியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் சீமெந்துத் தரையில் ஓடியது. லெஸ்லிக்கு அவள் மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததற்காகத் தன் மேலேயே ஆத்திரமும் வந்தது. ஆனால் பள்ளம் என்று அவள் சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. பழுது எதுவென்று கண்டுபிடிக்காமல் அந்த இரண்டு பேரும் செத்துப்போனால், கள்ளன் என்ற பேரோடு கொலைகாரன் என்ற பேரும் சேரும். ஊர் அதையும் சொல்லும்.

"நான் வாகனத்தத் தொடமாட்டேன்" என்றான். "அவரே ஓட்டணும். எப்பவும் போற பாதையில, எப்பவும் ஏத்துற பாரத்தோட. நான் பக்கத்துல சும்மா குந்திட்டு வருவேன். சம்மதம்னா நாளைக்குக் காலையில வந்து ஏத்தச் சொல்லுங்க."

மறுநாள் விடிந்ததும் பிக்கப் வந்து வாசலில் நின்றது. கலந்தர் ஹோர்ன் அடித்தார், ஆளைப் பார்க்கவில்லை. லெஸ்லி ஏறினான், ஆளைப் பார்க்கவில்லை. மாத்தளை தாண்டி ரத்தோட்டை வரும்வரை துடைப்பான் கண்ணாடியில் கிறீச்சிட்ட சத்தம் மட்டும்தான்.

ரத்தோட்டைக்கு மேலே ஏற்றம் தொடங்கியது. தேயிலை முடிந்து காடு வந்தது. மூடுபனி பொனெட்டின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்றாவது வளைவில் எஞ்சின் நின்றது. டமார்.

"பாத்தியா? பாத்தியா ஒன்ட வேலைய?" கலந்தர் ஸ்டீயரிங்கில் கையால் அடித்தார்.

"பேசாம இருங்க நானா. சத்தத்தக் கேட்டேன்."

"என்னத்தக் கேட்ட?"

"காபரேட்டர்ல பிழைன்னா, பெற்றோல் வரலன்னா, எஞ்சின் இருமி இருமித்தான் சாகும். இது அப்படிச் சாகல. லைட்ட நூத்த மாதிரி ஒரே அடியா நின்டிச்சு. இது கரண்டுப் பிழை. காபரேட்டர் இல்ல. காது இருந்தா ஒங்களுக்கும் கேட்டிருக்கும்."

"எனக்குப் பாடம் எடுக்காத."

ஸ்டார்ட் பண்ணியதும் ஒன்றும் நடக்காததுபோல எஞ்சின் பிடித்துக்கொண்டது. மலை உச்சியைத் தாண்டி இறக்கம் வந்தது. காற்று பிக்கப்பைப் பக்கவாட்டில் தள்ளியது. அப்போது கலந்தர் செய்த காரியத்தைப் பார்த்து லெஸ்லியின் கண் பிதுங்கிவிட்டது. அவர் கியரை நியூட்ரலில் விட்டு, சாவியைத் திருப்பி எஞ்சினை நூத்துவிட்டார். பிக்கப் சத்தமில்லாமல் மலையிலிருந்து இறங்கியது.

"என்ன செய்றீங்க!"

"பெற்றோல் மிச்சம். பெற்றோலுக்கு வரிசையில நாள்கணக்கா நின்ட காலத்துல பழகினது. இப்பயும் விக்கிற விலைக்கு வேறென்ன செய்யச் சொல்ற? இந்தப் பாதையில எல்லாரும் செய்றதுதானே."

"எஞ்சின் நின்டா பிரேக் பாரமாகும்னு தெரியாதா? முந்தாநேத்து ராத்தா பள்ளத்துக்குப் போகப் பாத்தது எதனாலன்னு நெனைக்கிறீங்க?"

"அன்னைக்கு நான் நூக்கல்ல. அது தானா நூந்திச்சு."

வளைவு ஒன்று நேராகும். சாவியைத் திருப்பிக் கியரைப் போடுவார். அடுத்த இறக்கம், மறுபடி நூப்பார். லெஸ்லி எண்ணத் தொடங்கி முப்பதுக்கு மேல் விட்டுவிட்டான். ஒரு நாளைக்குப் போக வர எத்தனை இறக்கம், இத்தனை வருஷத்துக்கு எத்தனை தடவை! அந்த சுவிட்சை நினைத்தே அவனுக்குப் பாவமாக இருந்தது.

பல்லேகமையில் வெயில் அடித்தது. மலையின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் வானமே வேறு. பாய்களில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. கலந்தர் இரண்டு மணிகளை எடுத்துக் கடித்துப் பார்த்து, "ஈரம்" என்றார். விற்கிற ஆள் சிங்களத்தில் சத்தியம் பண்ணினான். பேரம் முடிந்து ஒன்பது மூட்டை ஏறியது. ஆஸியா இரண்டு சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்திருந்தாள். கலந்தர் ஒன்றை லெஸ்லியின் பக்கம் தள்ளினார்.

"தின்னு."

"வேணாம்."

"ராத்தா ஆக்கினது. நான் ஆக்கினதில்ல."

லெஸ்லி அதை எடுத்துக்கொண்டு போய்ப் பிக்கப்பின் மறுபக்கத்தில் நின்று தின்றான். பிஞ்சுப் பலாக்காயில் ஆக்கிய பொலஸ் கறியும் பொரித்த கருவாடும். ருசியாக இருந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

திரும்பும்போது பாரத்தோடு ஏற்றம். ஓரிடத்தில் மழை பாதையை அரித்துக் குழி குழியாக்கியிருந்தது. பிக்கப் ஒரு குழியில் இறங்கி ஏறியது. எஞ்சின் நின்றது. இந்தத் தடவை லெஸ்லி காதை விட்டுவிட்டுக் கண்ணைக் கொடுத்திருந்தான். எஞ்சின் நின்ற அதே கணம் டேஷ்போர்டில் பெற்றோல் முள் சரியத் தொடங்கியது. டாங்கியில் அரைவாசிக்கு மேல் பெற்றோல் இருக்கிறது. முள் எதற்காகப் படுக்கிறது? கொயிலுக்கு மட்டுமல்ல, எதற்குமே கரண்டு இல்லை. அப்படியென்றால்...

அவன் பார்வை முள்ளிலிருந்து சாவிக்கு இறங்கியது. சுவிட்சில் தொங்கிய கொத்தில் பதினைந்து சாவியாவது இருக்கும். கிடங்குப் பூட்டுக்கான விரல் நீளச் சாவிகள், இரும்புப் பெட்டிச் சாவி, ஒரு பித்தளை வளையம். குழியில் விழுந்த வேகத்தில் அது கோயில் மணிபோல ஆடிக்கொண்டிருந்தது. லெஸ்லி எட்டி அந்தக் கொத்தை உள்ளங்கையில் ஏந்தி மேலே தூக்கினான்.

டமார். எஞ்சின் பிடித்தது. பிக்கப் ஒரு உலுக்கலோடு முன்னால் பாய்ந்தது.

கையை விட்டான். எஞ்சின் நின்றது. தூக்கினான். டமார், பிடித்தது.

"நிப்பாட்டுங்க" என்றான். கலந்தர் ஓரமாக நிறுத்தினார். லெஸ்லி கீழே இறங்கிப் பாதையில் இரண்டு எட்டு நடந்தான், திரும்பி வந்தான். மூன்று கிழமையாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் வாயில் வந்தது.

"ஒரு சுவிட்ச்! ஒரு தேஞ்ச சாவி சுவிட்ச்! ஒவ்வொரு இறக்கத்துலயும் திருப்பித் திருப்பி நீங்களே தேச்சது. அதுல அரைக் கிலோ இரும்பக் கட்டித் தொங்கவிட்டதும் நீங்க. குழியில விழுந்தா கொத்து இழுக்குது, கரண்டு போகுது. அப்ப எஞ்சின் எரிக்காம விட்ட பெற்றோல் எல்லாம் சைலன்சர்ல போய் நிறையுது. கரண்டு திரும்பி வந்ததும் அதுதான் வெடிக்குது. என் கையில வாகனத்தக் குடுத்தீங்களே, அந்தக் கொத்தோட ஒரு நாள், ஒரே ஒரு நாள் குடுத்திருந்தா, பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பேன்! உபரிச் சாவியப் போட்டு ஓட்டினா எப்படி நிக்கும்? எனக்கும் நிக்கல, டவுன்காரனுக்கும் நிக்கல. கிடங்குச் சாவி மேல கை வெச்சிருவேன்னு பயந்தீங்க. பயந்துட்டு, கள்ளன்னும் சொன்னீங்க!"

கலந்தர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். தாடிக்குள் தாடை அசைந்தது. கொத்தைத் தானே ஒரு தடவை தூக்கிப் பார்த்தார், விட்டுப் பார்த்தார். பெற்றோல் முள் எழும்பியது, படுத்தது. அறுபது வயது மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி அதை நாலைந்து தடவை செய்தார்.

"சரி" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "நாளைக்கு சுவிட்ச மாத்திடு. நடந்தது நடந்திச்சு. காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சிடுவோம்."

"நீங்க காதும் காதும் வெச்ச மாதிரியா சொன்னீங்க?"

கலந்தர் கொத்தைச் சுவிட்சிலிருந்து உருவிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அந்தக் கொத்த இடுப்புல கட்டுங்க. ஒத்தச் சாவியப் போட்டு ஓட்டுங்க, இறக்கத்துல நூக்காதீங்க, வீடு போய்ச் சேரலாம். சுவிட்ச நான் தொடமாட்டேன். எங்க சொன்னீங்களோ அங்க வந்து, அதே சத்தத்துல சொல்லுங்க. அதுவரைக்கும் தொடமாட்டேன்."

உக்குவளை வரும்வரை எஞ்சின் ஒருதரமும் நிற்கவில்லை.

அடுத்த நாள் காலை லெஸ்லி ஹஸீபின் கடைக்குப் போனான். மூன்று கிழமைக்குப் பிறகு முதல் தடவை. லூசியா அவனுக்கு அயன் பண்ணி மினுக்கிய சட்டை எடுத்துக் கொடுத்திருந்தாள். கலந்தர் வருவார் என்று அவன் அரைவாசிதான் நம்பினான். வந்தார். தொப்பி போட்டிருந்தார். வாங்குப் பலகையில் உட்காரவில்லை, தேத்தண்ணி கேட்கவில்லை. கடையின் நடுவில் நின்று, மிளகு விலை பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"எல்லாரும் கேளுங்க. லெஸ்லி என்ட வாகனத்துல ஒரு ஆணியக்கூடக் களவெடுக்கல்ல. நான் சொன்னது பொய். பழுது என்ட கையால வந்தது. நான் கொண்டு போன அத்தன எடத்துலயும் பழுதக் கண்டுபிடிக்க ஏலாமப் போச்சு, இவன்தான் கண்டுபிடிச்சான். அல்லாஹ்வுக்காகச் சொல்றேன், இவன்ட மானத்துல நான் கை வெச்சிட்டேன்." பிறகு லெஸ்லியின் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்க."

மனிதரின் கண் கலங்கியிருந்தது. இதைக் கேட்கத்தான் லெஸ்லி வந்திருந்தான். நெஞ்சிலிருந்து பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தான். இறங்கவும் தொடங்கியது.

அப்போது ஹஸீப் ரொட்டிக் கல்லடியிலிருந்து பலமாகச் சிரித்தான். "சே, இதென்ன நானா! நீங்க சொன்னத நாங்க நம்பினமா என்ன?"

"லெஸ்லி அண்ணனப் பத்தி எங்களுக்குத் தெரியாதா?" என்றான் வினோஜன், வாயில் ரொட்டியோடு. "நான் அன்னைக்கே எல்லார்கிட்டயும் சொன்னேன், முதலாளி கோவத்துல பேசுறாருன்னு."

"ஓ, ஓ, நம்பல்லியே" என்று மூலைக்கு மூலை குரல் வந்தது. இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் லெஸ்லியின் முதுகில் தட்டினார். ஹஸீப் ஒரு தேத்தண்ணியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்து, "குடிங்க லெஸ்லி பாஸ், இன்னைக்கு என்ட கணக்கு" என்றான்.

லெஸ்லிக்கு உச்சந்தலை கொதித்தது. மலையில் கலந்தர் மேல் வந்த கோபம் எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவர் வாய்விட்டுச் சொன்னார், வாய்விட்டு மாற்றினார். இவர்கள் ஒரு சொல்லும் சொல்லாமலே அவன் கராஜை மூடிவைத்தவர்கள்.

"நம்பலயா?" அவன் எழுந்தான். "ஒருத்தரும் நம்பலயா? அப்ப மூணு கிழமையா எங்க போனீங்க?"

சிரிப்பு நின்றது.

"வினோஜன், ஒன்னையத்தான் கேக்குறேன். நம்பாதவன் எதுக்குடா கேட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையில நின்ட? நம்பாதவன் எதுக்கு என்னயக் கண்டதும் தலையத் திருப்பின? ஹஸீப், ஒங்க கடையில வெச்சுத்தானே சொன்னாரு, அப்ப ஒங்க வாய்க்கு என்ன வந்திச்சு? நம்பியிருந்தா சொல்லுங்க. 'நம்பினோம், தப்பு செஞ்சிட்டோம்'னு ஒருத்தர் சொல்லுங்க பாப்பம். இந்தாளு சொன்னாரே, அது மாதிரி!"

வினோஜன் ரொட்டியை மென்று விழுங்கினான். "அண்ணே, அது வந்து... நாளைக்கு என் த்ரீவீலக் கொண்டாரவா? கிளச் கொஞ்சம் பிடிக்குது."

"நீ நம்பாதவன்தானே? போ, வரிசையில நில்லு."

அவன் தேத்தண்ணியைத் தொடவில்லை. வாசலில் கலந்தர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க நானா" என்றான் லெஸ்லி. "சுவிட்ச மாத்துவோம்."